பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் 27 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அந்த நீளப் பெயரை ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நர்சம்மா, அவ்வளவுதான். பிள்ளை பிறந்த வீட்டுக்கு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 14-ஆம் நாள் என்று 42 நாள் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்ததுமே தூளியைத்தான் காட்டுவார்கள். "பாருங்க நர்சம்மா, மூக்கு அப்படியே தாத்தா!" நான் தூளிப் பக்கம் போகாமல் தாயிடம் போய் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பேன். "இன்னிக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே?"

அந்தப் பதிலிலேயே வீட்டு நிலவரம் பாதி தெரிந்துவிடும். ஆறேழு தடவை என்றால் சரி. ரெண்டு தடவை என்றால் அந்த வீட்டில் யாரோ ஒரு ஆயா, அதாவது பாட்டி, தண்ணீருக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

இதை நான் மற்றவர்களைக் குறை சொல்லச் சொல்லவில்லை. 1994 சித்திரையில் எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. நான் அப்போது நர்ஸ் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆனவள். ஆனாலும் என் ஆயா முன்னால் படிப்பு எங்கே எடுபட்டது? காலையில் அரை டம்ளர் சுக்குத் தண்ணீர், ராத்திரி அரை டம்ளர். பச்சைத் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், உள்ளே புண் ஆறாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். வெளியே வெயில் கொளுத்துகிறது. தலைக்கு ஊற்றும்போது முகத்தில் வழிந்த வெந்நீரை நாக்கை நீட்டி விழுங்கினேன். ஆயாவுக்குத் தெரியாமல்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல், நீர்க்கடுப்பு. அதோடு மலச்சிக்கல். தையல் போட்ட இடத்தை வைத்துக்கொண்டு முக்கியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

அதனால் முதல் வேலை இது. படுக்கைக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரிய சொம்பு, ஒரு டம்ளர், எந்நேரமும் இருக்க வேண்டும். பிள்ளையை மார்பில் போடும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடி. புதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அந்தக் கணக்கில் உனக்கும் இரண்டரை, மூன்று லிட்டர் தானாகவே உள்ளே போய்விடும். ஒண்ணுக்கு வெளுத்த மஞ்சளாக வந்தால் போதும். கடலை எண்ணெய் நிறத்தில் வந்தால் இன்னும் குடிக்க வேண்டும்.

ஆயாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஜெயிக்க முடியாது. ஒரு கைப்பிடி சீரகத்தைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிச் சொம்பில் ஊற்றி வையுங்கள். தண்ணீர் என்றால் ஆகாது; சீரகத் தண்ணீர் என்றால் மருந்து. இந்த ஒரு வித்தையில் எத்தனையோ வீட்டுப் பூட்டைத் திறந்திருக்கிறேன். மோர், கஞ்சித் தண்ணீர், நீர்த்த கேழ்வரகுக் கூழ் எல்லாம் கணக்கில் சேரும்.

நம் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காவிப் பல்லைப் பார்த்தாலே தெரியும். காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லிருந்து வருகிறது. குடிக்க அதைப் பிடித்து வையுங்கள், குளிக்க போர்த் தண்ணீர் போதும்.

அடுத்தது பத்தியம். பூண்டு, மிளகு, சுக்கு, நாட்டுக்கோழிக் குழம்பு, ஆட்டுக்கால் சூப்பு, முருங்கைக்கீரை எல்லாம் இருக்கட்டும். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். கெடுதல் பத்தியத்தில் சேர்ப்பதில் இல்லை, விலக்குவதில்தான். கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, பருப்பு வாயு, முட்டை மந்தம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் தட்டில் மிஞ்சுவது சோறும் மிளகு ரசமும். பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். ரசம் சோற்றில் அது எங்கிருந்து வரும்?

நான் எழுதிக் கொடுக்கும் சாப்பாடு பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் இட்லியோ சாமைப் பொங்கலோ, கூட ஒரு முட்டை. பதினோரு மணிக்கு ஒரு பழம், கைப்பிடி வேர்க்கடலை, கொஞ்சம் வெல்லம். மதியம் களி உருண்டையும் கீரைக் கடைசலும், இல்லையென்றால் சோறும் பருப்பும். சாயந்திரம் பால் ஒரு டம்ளர். ராத்திரி பசிக்கும், பால் கொடுக்க எழும் நேரத்தில் நன்றாகவே பசிக்கும். ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை உருண்டை போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். வாரம் ஒரு நாள் ஈரல் கிடைத்தால் ரொம்ப நல்லது. இழந்த ரத்தத்துக்கு அது கை கொடுக்கும்.

களி பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால் கொடுக்கிறவளுக்கு அருமையான சாப்பாடு. ஆனால் இரும்புச் சத்து மாத்திரையைக் களியோடு சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மாத்திரையையும் 180 நாள் சாப்பிடச் சொல்லிக் கொடுப்பார்கள். கால்சியத்தைக் காலையிலும் சாயந்திரமும் சாப்பாட்டோடு போடு. இரும்பு மாத்திரையை ராத்திரி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைத் தண்ணீரோடு போடு. மலம் கருப்பாகப் போகும், பயப்படாதே. மாத்திரையால் வரும் நிறம்தான் அது. எத்தனை வீட்டில் அந்த அட்டைகள் முழுசாக அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தன என்று எண்ணினால் எனக்கே கோபம் வரும்.

லேகியம் கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனவர்களுக்குக் கொடுக்கும் குழந்தை நலப் பெட்டகத்தில் சௌபாக்கிய சுண்டி லேகியம் இருக்கும். வீட்டில் சுக்கு, திப்பிலி, ஓமம், பனைவெல்லம் போட்டுக் கிண்டியதும் சரிதான். நெல்லிக்காய் அளவு போதும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது, அதில் பாதி வெல்லம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பையன் பிறந்த வீட்டில் ஏழாம் நாளே கோழி வாசனை வரும். மூன்றாவதும் பெண் பிறந்த வீட்டில் பதினான்காம் நாளும் ரசம்தான் கொதிக்கும். பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்த ஊர் இது. பிறந்தது எதுவானாலும் கிழிந்த இடம் ஒன்றுதான், போன ரத்தம் ஒன்றுதான். அந்த மாதிரி வீட்டில் மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டு, "இவளுக்கு ரத்தம் கம்மி, ஏதாவது ஆனா மூணு பிள்ளையையும் நீங்கதான் வளர்க்கணும் அத்தை" என்பேன். மறுநாள் கோழி வரும்.

குளியல். எங்கள் பக்கம் இதற்கென்றே ஊருக்கு ஒரு கைராசிக்காரி இருப்பாள். அண்டாவில் நொச்சித் தழை போட்டுக் காய்ச்சி, இடுப்பிலும் முதுகிலும் சொம்பு சொம்பாக வீசி அடிப்பாள். இடுப்பு வலிக்கு அது சொர்க்கம், மறுக்க மாட்டேன். ஆனால் சூட்டை அவள் கையை வைத்துப் பார்க்கக் கூடாது. அந்தக் கை நாற்பது வருடம் அடுப்பில் காய்ந்த கை. உன் முழங்கையை விட்டுப் பார், பொறுக்கிற சூடு மட்டும் ஊற்றச் சொல். அடிவயிற்றில் வீசி அடிக்கவோ அமுக்கவோ விடாதே. ஆபரேஷன் ஆனவளுக்கு இந்தக் குளியலே வேண்டாம். புண் காய்ந்து டாக்டர் சொல்லும் வரை அந்த இடத்தைக் காப்பாற்றி உடம்பைத் துடைத்துக்கொண்டால் போதும். அப்புறம் அந்தச் சாம்பிராணி. கதவைச் சாத்திக்கொண்டு கரி நெருப்பில் புகை போடுவது தாய்க்கும் ஆகாது, பிள்ளையின் நுரையீரலுக்குச் சுத்தமாக ஆகாது. தலையை வெயிலில் காய வை.

வயிற்றைத் துணியால் கட்டுவது பற்றிச் சண்டையே நடக்கும். மெத்தென்ற பழைய நூல் புடவையை லேசாகச் சுற்றினால் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் எல்லாம் கீழே கர்ப்பப்பைக்குத்தான் இறங்கும். கர்ப்பப்பை தானாகச் சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்து வலிப்பது அது சுருங்குவதால்தான். இரண்டாவது பிள்ளைக்கு அந்த வலி இன்னும் கூடுதலாக இருக்கும், நல்ல வலிதான்.

உதிரப்போக்கைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும், வெட்கப்பட்டு மூடி வைக்கக் கூடாது. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பு. அப்புறம் பழுப்பு கலந்த வெளிர்சிவப்பு. பத்து நாளுக்குப் பிறகு மஞ்சள் வெள்ளை. நாலிலிருந்து ஆறு வாரத்தில் நின்றுவிடும். வெளுத்து வந்தது திடீரென்று மறுபடி பச்சை ரத்தமாகப் பொங்கினாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுசாக நனைந்தாலோ, எலுமிச்சம்பழ அளவுக் கட்டி விழுந்தாலோ, நாற்றமடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. பேடை நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று. துணி வைப்பவர்கள் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். மாட்டுக் கொட்டகை மூலையில் யாருக்கும் தெரியாமல் ஈரமாகத் தொங்கும் துணிதான் கிருமிக்கு வீடு.

தையலைக் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால். ஒத்தி எடு, தேய்க்காதே. வலி இருந்தால் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்து எழு. மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் அந்த இடத்தில் பூசாதே.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது படுக்கையை. பாயில் படுத்து எழுவது வயிற்றைக் கிழிக்கும். கயிற்றுக் கட்டில் அதைவிட மோசம், நடுவில் குழி. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டாவது முட்டி உயரத்துக்குச் சமமான படுக்கை செய்துவிடுங்கள். எழும்போது நேராக எழாதே. ஒருக்களித்துத் திரும்பு, காலைக் கீழே தொங்கவிடு, கையை ஊன்றி உடம்பைத் தூக்கு. தும்மலோ இருமலோ வந்தால் ஒரு தலையணையைப் புண்ணின் மேல் அணைத்துப் பிடி. வீட்டுக்குள் மெதுவாக நட. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். ஆறு வாரம் வரை உன் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதே. பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர், அதாவது 15 கிலோ. குழாயடிக்குப் போக வேண்டியது வீட்டுக்காரர். பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்த்துச் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கும் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம், குடம் எல்லாம் நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள்.

பால் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதே, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்காதே, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். காம்பு வெடித்தால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். வாயை நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பாலும் உள்ளே போகிற மாதிரிப் பிடிக்க வை. தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டும். கொடுக்குமுன் வெதுவெதுப்பான துணி, கொடுத்த பின் குளிர்ந்த துணி. ஒரு பக்கம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார். ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தாதே.

தூக்கத்துக்கு எதிரி விருந்தாளி. தீட்டு என்று சொல்லி ஒரு மூலையில் போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தச் சாக்கில் கிடைக்கும் ஓய்வை விட்டுவிடாதே என்று பெண்களிடம் சொல்வேன். பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு. பார்க்க வருகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பத்து நிமிடம் இருந்துவிட்டு, முடிந்தால் ஒரு பாத்திரம் விளக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும்.

மனசு. மூன்றாம், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகவில்லை என்றால் அது கொழுப்பும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, நோய். ஒரு வீட்டில் 20 வயதுப் பெண், பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். வேப்பிலை அடித்து, கயிறு கட்டி, மூன்று வாரம் போய்விட்டது. தாயத்து இருக்கட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும் என்று பேசித்தான் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல், யாரோ காதில் பேசுகிறார்கள் என்று சொன்னாலோ, சாகணும் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ சொன்னாலோ ஒரு நிமிடம் கூடத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

இப்போது சொல்லப்போவதை வீட்டு ஆண்களும் படிக்க வேண்டும். எட்டாம் நாள் ஒரு வீட்டுக்குப் போனேன். நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். "தலைவலிங்க நர்சம்மா, பச்சை உடம்புல காத்து பட்டுருச்சு" என்றார் மாமியார். கண் மங்கலாகத் தெரிகிறதா என்றேன். "ட்யூப்லைட்டு ரெண்டா தெரியுதுக்கா" என்றாள். பையிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்துக் கட்டினேன். 170-க்கு 110. பிரசவத்தோடு பிரஷர் போய்விடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை வந்து வலிப்பில் கொண்டுபோய் விடலாம். 108-ஐக் கூப்பிட்டு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். அந்தச் சுக்குப் பத்து காய்ந்து உதிர்வதற்குள் கிளம்பியதால் பிழைத்தாள்.

விடாத தலைவலி, மங்கும் கண், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும், தையலில் சீழ், முன்னே சொன்ன ரத்தப்போக்கு. இதில் ஒன்று இருந்தாலும் கை வைத்தியம் வேண்டாம். வண்டி தேடாதே, பைக்கில் ஏற்றாதே, 108. சந்தேகம் மட்டும்தான் என்றால் 104-இல் கேள்.

கீழே தளர்ந்த தசைக்கு ஒரு பயிற்சி. வருகிற ஒண்ணுக்கை அடக்குவது போல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி, விடு. பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பால் கொடுக்கும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக் கூடத் தெரியாது. தும்மினால் ஒண்ணுக்குச் சொட்டுகிறது என்று நாற்பது வயதில் கூச்சத்தோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

மாதவிலக்கு வரவில்லை என்பதால் கரு நிற்காது என்று நம்பாதே. விலக்கு வரும் முன்பே கரு தரிக்கலாம். காப்பர் டி, ஆணுறை, ஊசி எது வேண்டும் என்று வீட்டுக்காரரோடு சேர்ந்து நர்ஸிடம் கேள்.

கடைசியாக 45-ஆம் நாள் ஊசி. புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் கூட்டம் நெரியும். பிள்ளைக்கு ஊசி போட்டதும் தூக்கிக்கொண்டு எல்லாரும் பஸ் பிடிக்க ஓடுவார்கள். ஓடாதே. "எனக்கும் பார்க்கணும் சிஸ்டர்" என்று சொல். பிரஷர், ரத்த அளவு, தையல், மார்பு, மனசு, இந்த ஐந்தையும் கேள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதையும் மறுபடி பரிசோதிக்கச் சொல். மாத்திரை தீர்ந்திருந்தால் அங்கேயே வாங்கிக்கொள். போகும்போது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் இருக்கும் அட்டையையும் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொள், வரிசை நீளமாக இருக்கும்.